மேஜைக்கு மேலே இருந்தது

என் அம்மாவுக்கு வேண்டியது ஒரு சாப்பாட்டு மேஜை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் இதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள்.

அவளுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். குனிந்து பரிமாறினால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர முடியும். டிஸ்பென்சரி டாக்டரம்மா, "நீச்சே மத் பைட்டோ", தரையில் உட்காரவே கூடாது என்று கண்டித்து அனுப்பியிருந்தாள். அதனால் எனக்கும் அப்பாவுக்கும் கூடத்துத் தரையில் பரிமாறிவிட்டு, அம்மா மட்டும் சமையலறை மேடையில் சாய்ந்து, தட்டைக் கையில் ஏந்தி, நின்றபடியே சாப்பிடுவாள். டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் சர்க்கார் கொடுத்த மாடி வீடு அது. சமையலறை பல்பு எப்போதும் அழுது வடியும். மேஜை ஒன்று வந்தால் அவளும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். விஷயம் அவ்வளவுதான், பெரிய ராஜாங்க ரகசியமில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரர் ஒரு சேதி கொண்டுவந்தார். சாணக்யபுரியில் யாரோ ஒரு வெள்ளைக்கார எம்பஸி அதிகாரி மாற்றலாகிப் போகிறார், வீட்டுச் சாமான்களை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகப்போகிறார் என்று. அம்மா அப்பாவைத் தயிர்சாதம் ஊட்டாத குறையாகத் தயார்செய்து அனுப்பினாள். "மேஜை, நாலு நாக்காலி. வேற ஒண்ணும் வேண்டாம். வேற எதையும் பாக்கக்கூடப் பாக்காதீங்க" என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனாள்.

சாயங்காலம் ஒரு டெம்போ வந்து நின்றது. அதிலிருந்து அழகான ஒரு தேக்கு மேஜையும் நாலு நாற்காலிகளும் இறங்கின. அம்மா பால்கனியிலிருந்து எட்டிப்பார்த்துவிட்டு, "அப்பாடா!" என்று நெஞ்சில் கைவைத்தாள். மேஜை மாடிப்படியைத் தாண்டி நேராகக் கீழ்வீட்டுக்குள் நுழைந்தது. பின்னால் அப்பா ஓர் அட்டைப்பெட்டியைக் குழந்தையைப்போல் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவந்தார்.

"மேஜை எங்க?" என்றாள் அம்மா.

"மேஜைய அவரு எடுத்துட்டாரு. அதுக்கு மேல இருந்தத நான் எடுத்துட்டேன்."

அம்மா பெட்டிக்குள் பார்த்தாள். உள்ளே ஒரு விளக்கு. ஆரஞ்சு நிறக் கண்ணாடி, கவிழ்த்த சருவச்சட்டி அளவில், உட்புறம் பால்வெள்ளை. அடியில் விரல் நுழைகிற அளவில் ஒரு பித்தளை வளையம். கூடவே நீளமான ஒயர், ஒரு கப்பி, காகிதத்தில் சுற்றிய இன்னும் ஏதோ ஒன்று.

"ஏங்க, இதுல எங்க சோத்த வைக்க?"

"ஏளா, இது இத்தாலி வெளக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். சோத்த எங்க வைக்க?"

இந்தக் கேள்விக்கு அப்பா அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறமும் வருஷக்கணக்காகச் சொல்லவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை கேட்டிருக்கிறேன். பிள்ளையார் கீழ்வீட்டுக்குப் போய்விட, குரங்கை மட்டும் கூலி கொடுத்துத் தூக்கிவந்த கதை எங்கள் வீட்டில்தான் நடந்தது.

நடந்தது என்னவென்று பிறகு கீழ்வீட்டுக்காரர் சொன்னார். அந்த எம்பஸி வீட்டில் பட்டப்பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அதன் கீழே மேஜையில் ஒரு தட்டு நிறைய ஆரஞ்சுப் பழம். அப்பா வாயைப் பிளந்துகொண்டு பழத்தைப் பார்த்து நின்ற நேரத்தில் இவர் மேஜையை விலை பேசி முடித்துவிட்டார். போதாக்குறைக்கு அப்பா அந்த வீட்டு வெள்ளைக்காரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேஜைமேல் முழங்கையை ஊன்றி, விளக்குக்கும் மேஜைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்திருக்கிறார். ஒரு முழம், நாலு விரல். இத்தாலிக்காரன் ஏதோ காரணத்தோடுதான் அப்படி வைத்திருப்பான் என்பது அவர் கட்சி.

கூடத்தின் நடுவில் சர்க்கார் கொடுத்த கொக்கி ஒன்றே ஒன்று. அதில் மின்விசிறி இருந்தது. அப்பா விசிறியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அந்தக் கொக்கியில் கப்பியை மாட்டினார். டெல்லி வெயிலுக்கு என்ன செய்வது என்று நான் கத்தினேன். ஒரு டேபிள் ஃபேன் வாங்கிவந்தார். டேபிள் இல்லாத வீட்டுக்கு டேபிள் ஃபேன்! அது ஸ்டூலில் உட்கார்ந்து எங்கள் கணுக்காலுக்குக் காற்று வீசியது.

அடுத்தது, விளக்கு எவ்வளவு உயரத்தில் தொங்கவேண்டும் என்பது. அப்பாவின் யோசனையில் ஒரு ஓட்டையும் கிடையாது, அதுதான் அதிலுள்ள கொடுமை. இத்தாலியில் தட்டு மேஜைமேல் இருக்கிறது; தட்டுக்கு மேலே ஒரு முழம் நாலு விரலில் விளக்கு. நம் வீட்டில் தட்டு தரையில் இருக்கிறது. ஆகவே தரைக்கு மேலே ஒரு முழம் நாலு விரல். ஒயர் போதாமல் இன்னும் கொஞ்சம் ஒட்டுப்போட்டு நீட்டினார். கப்பியில் விட்ட ஒயர் நிற்காமல் கிணற்று வாளிபோல் விளக்கோடு கீழே ஓடியது. கப்பிக்கு அந்தப் பக்கம் ஒரு முடிச்சுப் போட்டார். நின்றுவிட்டது. காகிதத்தில் சுற்றியிருந்த மிச்சப் பொருளைப் பிரித்துப்பார்த்தார். பேரிக்காய் வடிவத்தில் வெள்ளைப் பீங்கான் உருண்டை, உச்சியில் ஒரு துளை. நல்ல கனம். "இது சும்மா அழகுக்குக் குடுத்திருப்பான்" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அழகுக்கு இடமில்லாத வீடு எங்களுடையது. அம்மா அந்தத் துளையில் நூல் கோத்து, உப்பு நெல்லிக்காய் ஜாடிக்குள் இறக்கிவிட்டாள். நெல்லிக்காய் உப்புத்தண்ணீரில் மிதக்கும். மிதந்தால் பூஞ்சை பிடிக்கும். மேலே கனமாக ஒன்று வேண்டும். "ஒங்கப்பா கொண்டாந்ததுல இது ஒண்ணுதான் உருப்படி" என்றாள்.

அதற்கப்புறம் எங்கள் வாழ்க்கை விளக்கைச் சுற்றியே நடந்தது. கூடத்தின் நட்டநடுவில், முழங்கால் உயரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூதம் தொங்கிக்கொண்டிருக்கும். முன்னறையிலிருந்து குளியலறைக்குப் போக வேண்டுமானால் சுவரை ஒட்டி நண்டு மாதிரி நடக்க வேண்டும். வந்த விருந்தாளிகள் எல்லோரும் முட்டியை இடித்துக்கொண்டார்கள். அம்மா, இது ஏதோ கண்ணேறு என்று முடிவுகட்டி, சனிக்கிழமைதோறும் சரோஜினி நகர் மார்க்கெட்டில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்தது வாங்கி, அந்தப் பித்தளை வளையத்தில் கட்டிவிட்டாள். அதைப் பார்க்கக் குனிந்தவர்கள் நெற்றியையும் இடித்துக்கொண்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டால் சோறு சோறாக இருந்தது. பருப்பு தங்கமாக இருந்தது. என் மொக்கைத் தட்டுகூட வெள்ளித்தட்டாக மின்னியது. ஆனால் எதிரே உட்கார்ந்த அப்பாவின் முகம் தெரியாது. கண்ணாடிச் சட்டிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். அம்மாவோ அந்த வெளிச்சத்துக்குள் வருவதே இல்லை. கரண்டி பிடித்த கை மட்டும் வந்துபோகும். "ஏங்க, மேஜை..." என்று அவள் ஆரம்பிப்பாள். "மேஜை போட்டா வெளக்கு எங்க போகும்?" என்று சட்டிக்குப் பின்னாலிருந்து பதில் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் உலக்கையால் அதை உடைத்துவிடுகிறேன் என்று நான் சொன்னதற்கு, அம்மாவே, "வேண்டாம்ட்டி, பாவம், ஆசையா வாங்கியிருக்காக" என்றாள். அந்தப் பாவத்தைக் கேட்டதும் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

எண்பதுகள் பிறந்துவிட்டன. அப்பா வேலைபார்த்த இலாகாவில் பித்தளை, பிரம்புச் சாமான்களை வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிடித்தமாதிரி செய்வது எப்படி என்று ஒரு கூட்டம் நடந்தது. அதில் பேச இத்தாலியிலிருந்து ஒரு கிழவர் வந்திருந்தார். அவருக்குக் கார் ஏற்பாடு செய்வது அப்பாவின் வேலை. டீ நேரத்தில் அப்பா சும்மா இருக்காமல், "எங்கள் வீட்டிலும் ஓர் இத்தாலி விளக்கு இருக்கிறது" என்று பீற்றிக்கொண்டார். கிழவர் மரியாதைக்கு, எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறார். அப்பா மேஜையில் சிந்தியிருந்த டீயில் விரலைத் தொட்டுப் படம் வரைந்தார். கிழவர் டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டாராம். அடியில் பித்தளை வளையம் உண்டா என்றாராம். உண்டு, அதில் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறோம் என்று அப்பா சொல்ல, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அதை நான் செய்தேன்" என்றாராம்.

அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிட வருகிறார் என்றார். அம்மா மட்டும் அமைதியாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தப் பெரியவருக்கு முட்டு மடங்குமா?"

"கம்பு ஊணித்தான் நடக்காரு."

"அப்பத் தரையில உக்கார மாட்டாரு." அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், எந்த இத்தாலிக்காரனும் அப்படி ஒன்றைச் செய்ததில்லை. "மேஜை வேணுமே."

கீழ்வீட்டிலிருந்து மேஜையும் நாற்காலிகளும் மாடியேறின. மேஜைமேலிருந்த ரஜாய் போர்வை மூட்டையையும் தையல் மிஷினையும் இறக்கவே பாதிப் பொழுது போயிற்று. அவர்கள் ஒரு நாள்கூட அதில் சாப்பிட்டதில்லை, கட்டிலில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். மேஜை வந்தது. ஆனால் எங்கே போடுவது? நடுவில் போட்டால் விளக்கு அதன் மேலேயே குந்திக்கொள்ளும். ஒயரை இன்னொரு முடிச்சுப் போட்டு ஏற்றலாம் என்றேன். "அவரு செஞ்சதுல அவரு முன்னாலயே முடிச்சா?" என்று அப்பா பதறினார். ஏற்கெனவே போட்டிருந்த முடிச்சு அவருக்கு முடிச்சாகவே தோன்றவில்லை. கடைசியில் மேஜையைச் சுவரோரமாகத் தள்ளிப்போட்டோம். விளக்கு தன் பாட்டுக்கு நடுக்கூடத்தில் தொங்கியது.

கிழவர் வந்தார். நெடிய உருவம், வெள்ளை முடி, கையில் கம்பு. கை குவித்து வணங்கியபடியே உள்ளே வந்தவர் நேராகப் போய்த் தன் விளக்கிலேயே முட்டியை இடித்துக்கொண்டார்.

அவர் குனிந்து பார்த்தார். எலுமிச்சம்பழத்தைத் தொட்டார். மேலே கப்பியைப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கம்பு கையிலிருந்து நழுவி விழுகிறவரை சிரித்தார். அப்பாவின் காது சிவந்துபோயிற்று. விறைப்பாக நின்று, தன் இங்கிலீஷில், எங்கள் தேசத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், தட்டிலிருந்து இவ்வளவு உயரத்தில் விளக்கு இருக்கவேண்டும் என்று சொல்லி, முழங்கையைத் தரையில் ஊன்றி அளந்தே காட்டினார். கிழவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். சரிதான், அந்த அளவுதான் என்றார். உங்கள் அளவு சரி, மேஜையைத்தான் தரைக்கு இறக்கிவிட்டீர்கள் என்றார்.

பிறகு, "அந்த வெள்ளை எடை எங்கே?" என்று கேட்டார். எங்களுக்குப் புரியவில்லை. கையால் பேரிக்காய் வடிவம் காட்டினார். அப்பா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவோ இதையெல்லாம் கவனிக்காமல் பரிமாறக் கிளம்பிவிட்டாள். மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு வைக்கிற மாதிரி தேங்காய்ப்பால் சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு என்று மேஜையை நிறைத்தாள். கடைசியாக நெல்லிக்காய் ஜாடியைக் கொண்டுவந்து, நூலைப் பிடித்து, உருண்டையைச் சொட்டச் சொட்ட வெளியே தூக்கினாள்.

கிழவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அதுதான்!" என்று கத்தியது நினைவிருக்கிறது. அம்மா பயந்துபோய், "என்னட்டி, நெல்லிக்கா பிடிக்காதாமா?" என்றாள்.

அதைக் குழாயில் கழுவினேன். மஞ்சள் பாரித்திருந்தது, பச்சைமிளகாய் வாசம் போகவில்லை. கிழவர் சொல்லச் சொல்ல அப்பா ஸ்டூலில் ஏறி முடிச்சை அவிழ்த்து, ஒயரின் அந்தப் பக்கத்தில் உருண்டையை விளக்குக்கு எதிர் எடையாக மாட்டினார். கிழவர் என்னைக் கூப்பிட்டு, வளையத்தில் ஒரு விரலை விடச் சொன்னார். தூக்கினேன். விளக்கு மேலே போயிற்று. விட்டேன், அங்கேயே நின்றது. இழுத்தேன், கீழே வந்தது. ஒரு விரல்! இத்தனை வருஷம் நண்டு மாதிரி நடந்த வீடு, கட்டிலுக்கு அடியில் கிடந்த விசிறி, சமையலறையில் நின்றுகொண்டே தின்ற சோறு, எல்லாம் ஒரு விரல் விவகாரம்.

"அம்புட்டுத்தானா?" என்றாள் அம்மா. அப்பா ஸ்டூலை விட்டு இறங்கவே இல்லை.

மேஜையை நடுவுக்கு இழுத்தோம். விளக்கு அதன் மேலே ஒரு முழம் நாலு விரலில் வந்து நின்றது. சாணக்யபுரியில் பிரிந்த இரண்டும் லக்ஷ்மிபாய் நகர் மாடியில் சேர்ந்துவிட்டன. கிழவர் சொதியை ஸ்பூனால் குடித்துக்கொண்டே அந்த விளக்கு பிறந்த கதையைச் சொன்னார். மிலான் நகரத்தில் அவருக்கு அக்கா ஒருத்தி. அக்காவின் புருஷன் ஞாயிறு தவறாமல் சாப்பிட வந்துவிடுவானாம். வந்து நேர் எதிரே உட்கார்ந்து, வாயைத் திறந்து மென்றபடி அரசியல் பேசுவானாம். அவன் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட வழியில்லையா என்று யோசித்துத்தான் இப்படி ஏறி இறங்குகிற விளக்கைச் செய்தாராம். இறக்கினால் தட்டு தெரியும், மச்சான் தெரியமாட்டான். அவன் போனபின் ஏற்றிவிடலாம். பத்திரிகைக்காரர்கள் ஒளியைப் பற்றியும் நிழலைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினார்களாம். மச்சானைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

நான் இதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் கரண்டியோடு நின்று கேட்டாள். "மச்சான் மூஞ்சியப் பாக்காம இருக்கவா இம்புட்டு வேலை? எங்க ஊருல பந்தியில எடத்த மாத்தி உக்காந்துருவாக." அதைச் சொன்னபோது கிழவர் மறுபடி சிரித்தார்.

அப்புறம் அம்மா ஒரு காரியம் செய்தாள். கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு, மிச்சமிருந்த நாலாவது நாற்காலியை இழுத்து, அப்பாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். பரிமாறி முடியாமல், விருந்தாளி எழுந்திருக்காமல், அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. "ஏட்டி, எனக்குச் சோறு வையி" என்றாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார். வெள்ளைக்காரர் முன்னால் என்ன சொல்வார்? துவையல் கிண்ணத்தை அவள் பக்கமாக நகர்த்திவைத்தார். நான் எழுந்து சோறு வைத்தேன். சொதி உறைப்பு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மேஜை திரும்பிக் கீழே போகவில்லை. மறுநாள் விடிந்ததுமே அம்மா அதன்மேல் எண்ணெய்ச் செம்பு, அப்பளக்கட்டு, முறம், மாவுச் சம்புடம் என்று அடுக்கிவிட்டாள். அதை யார் தூக்குவது? கீழ்வீட்டு அம்மாள் வந்து பார்த்துவிட்டு, "ரக் லோ பெஹன்ஜி, ரக் லோ" என்று, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் கையை ஆட்டினாள். அவளுடைய ரஜாய்க்கு வேறு இடம் கிடைத்திருந்தது. நன்றிக்கடனாக எங்கள் தோசைமாவு அடிக்கடி கீழே இறங்கியது. நெல்லிக்காய் ஜாடிக்குத்தான் எடை இல்லாமல் போயிற்று. அப்பா ஆபீஸிலிருந்து தன் கண்ணாடி பேப்பர் வெயிட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே நீலப் பூப் போட்டது. அம்மா அதை ஜாடிக்குள் இறக்கினாள்.

அன்றிலிருந்து அம்மாவும் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். சண்டை வந்தால் அம்மா ஒரு வார்த்தை பேசமாட்டாள். விரலைக் கொடுத்து விளக்கைக் கீழே இழுத்துவிடுவாள். அப்பா, சட்டிக்குப் பின்னாலிருந்து, "ஏளா, நான் ஒன் மச்சானா?" என்பார். கோபம் தீர்ந்தால் விளக்கு மேலே ஏறும். நான் வெளியிலிருந்து வந்ததும் முதலில் விளக்கைத்தான் பார்ப்பேன், வீட்டு நிலவரம் தெரிந்துவிடும்.

அப்பா ரிட்டயர் ஆனதும் யமுனைக்கு அக்கரையில் ஒரு பிளாட்டுக்குப் போனார்கள். மேஜையும் விளக்கும் ஜாடியும் கூடவே போயின. எனக்குக் கல்யாணமாகி வேறு வீடு வந்துவிட்டது. அந்த பிளாட்டில் அப்பா அதிக காலம் இருக்கவில்லை. ஒரு குளிர்காலத்தில் மூச்சுத்திணறல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விளக்கு அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. தட்டும் அவள் கையும்தான் தெரிந்தன. எனக்கு வந்ததே கோபம். செத்துப்போன மனுஷனோடு என்ன சண்டை? விரலைக் கொடுத்து விளக்கை மேலே தள்ளினேன். அம்மா பேசாமல் அதை மறுபடி கீழே இழுத்தாள்.

"என்னம்மா இது?"

"எதுத்தாப்ல ஆளு இல்லன்னு எனக்குத் தெரியாதாட்டி? அத வெளிச்சம் போட்டு வேற காட்டணுமா?"

ஒரு தட்டை எடுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றிப் போய், அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆரஞ்சுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மெல்லுகிற சத்தம் நின்றது. அப்புறம் வளையத்தில் அவள் விரல் வந்தது. விளக்கு மெதுவாக மேலே ஏறியது. அவள் கண் இரண்டும் சிவந்திருந்தன.

ஜாடியைப் பக்கத்தில் இழுத்து, பேப்பர் வெயிட்டை வெளியே எடுத்து வைத்து, "நெல்லிக்கா போட்டுக்கிடுதியா?" என்று கேட்டாள்.